சிசி சிறிது, கீர்த்தி பெரிது: டர்போ செய்யும் வேலை

சிங்கப்பூரில் ஒருவர் கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், மாமாவாக இருந்தாலும் அலுவலக நண்பராக இருந்தாலும் முதல் கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இங்கே பெட்ரோல் காரின் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. 1,000 சிசி வண்டிக்கு ஆண்டுக்கு சுமார் 390 வெள்ளி. 1,600 சிசிக்கு ஏறக்குறைய 740. 2,000 சிசியில் அது 1,200 வெள்ளியைத் தாண்டிவிடும். 3,000 சிசி என்றால் அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆனால் வரி ஏறுகிற கணக்கில் எஞ்சினின் வலுவும் ஏறுகிறதா என்றால், இல்லை. டர்போ இல்லாத 1.6 லிட்டர் டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 154 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை (சக்கரத்தைச் சுழற்றும் வலு) தந்தது, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 5,200 சுற்றில் ஓடும்போது. டர்போ வைத்த, மூன்றே சிலிண்டர் கொண்ட 1.0 லிட்டர் வோக்ஸ்வாகன் கோல்ஃப் டிஎஸ்ஐ 200 நியூட்டன் மீட்டரைத் தரும், அதற்கு 2,000 சுற்றே போதும். சிறிய எஞ்சின், குறைந்த வரி, கூடுதல் இழுவை. இது எப்படி என்று புரிந்துகொள்ள, எஞ்சின் காற்றைக் குடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறது என்றே எல்லோரும் சொல்கிறோம். எடைக்கணக்கில் பார்த்தால் அது பெரும்பாலும் காற்றில்தான் ஓடுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. இன்ஜெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் முடிந்தது. அந்தப் பெட்ரோலை எரிக்கப் போதுமான காற்றை உள்ளே கொண்டுபோவதுதான் பாடு. விறகடுப்பின் முன் உட்கார்ந்து ஊதாங்குழலால் ஊதியவர்களுக்கு இது தெரியும்: விறகைக் கூட்டாமலே, காற்று உள்ளே போன மாத்திரத்தில் தீ எழும்பும்.

சாதாரண எஞ்சினில் ஊதுவதற்கு ஆள் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டலம் காற்றை உள்ளே தள்ளுகிறது. அவ்வளவுதான். 1.6 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.6 லிட்டர் காற்றை எடுக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில், சிலிண்டர்கள் முழுசாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 2,400 லிட்டர். நம்மூர் வெப்பத்தில் அந்தக் காற்றின் எடை 2.8 கிலோ. அதைக்கொண்டு எரிக்க முடிந்த பெட்ரோல் சுமார் 190 கிராம், அதாவது கால் லிட்டர். இதுதான் மேல்வரம்பு. உண்மையில் ஃபில்டர், வளைந்த குழாய்கள், வால்வுகள் எல்லாம் தடுப்பதால் அதுவும் முழுசாக வந்து சேராது.

சிங்கப்பூரில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் நஷ்டம். 15 டிகிரி குளிரில் இருக்கும் காற்றைவிட 31 டிகிரி காற்று ஐந்து சதவீதம் அடர்த்தி குறைந்தது. போதாததற்கு ஈரப்பதம். நம்முடைய வழக்கமான பிற்பகல் ஒன்றில் எஞ்சின் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு மூன்று பங்கு வெறும் நீராவி. அது எரிவதற்கு உதவாது, ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வரம்பைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், வரி ஏறும். வேகமாகச் சுழல வைக்கலாம். ஜப்பானியர்கள் ஒரு காலத்தில் இந்த இரண்டாவது வழியில் வித்தை காட்டினார்கள். 1997-இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், டர்போ எதுவும் இல்லாமல் 1.6 லிட்டரிலிருந்து 185 குதிரைத்திறன் எடுத்தது. ஆனால் அந்தத் திறன் கிடைப்பது 8,200 சுற்றில். பந்தயத் தடத்தில் அது ஆனந்தம். சிராங்கூன் சாலை சிக்னலில் நின்று நின்று போகிறவருக்கு அந்த 8,200 சுற்று எட்டாக்கனி. மூன்றாவது வழி, காற்றை வளிமண்டலத்தின் கருணைக்கு விடாமல், அழுத்தி உள்ளே திணிப்பது. டர்போசார்ஜரும் சூப்பர்சார்ஜரும் இந்த மூன்றாவது வழியின் இரண்டு கருவிகள்.

ஊதுகிறவருக்குக் கூலி யார் தருவது?

இரண்டுக்கும் வேலை ஒன்றே. காற்றை அழுத்தும் விசிறிக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சூப்பர்சார்ஜர், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டோடு பெல்ட் மூலமாகவோ பல்சக்கரம் மூலமாகவோ இணைந்தது. எஞ்சின் சுற்றினால் இதுவும் சுற்றும். அதனால் பெடலை மிதித்த கணமே பலன் தெரியும். இதில் ஒரு வகைக்கு அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்களின் பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிக்கும் காருக்கும் சம்பந்தமே கிடையாது, அப்போது கார் என்ற ஒன்றே இல்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்கு காட்லீப் டைம்லர் 1885-இல் காப்புரிமை எடுத்தார். 1921-இல் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களை பெர்லின் கண்காட்சியில் வைத்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இங்குள்ள கார் நிறுத்துமிடங்களில் பல மெர்சிடிஸ் வண்டிகளின் பின்புறத்தில் 'கொம்ப்ரெசர்' என்று எழுதியிருக்குமே, அது இதுதான்.

குறை என்னவென்றால், ஊதும் கூலியை எஞ்சினே தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓட்டும்போதும் அந்தச் செலவு கொஞ்சம் இருந்துகொண்டே இருக்கும்.

டர்போசார்ஜர் அந்தக் கூலியைக் குப்பையிலிருந்து எடுக்கிறது. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக எக்ஸாஸ்ட் வழியே வீணாகப் போகிறது. 900 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்தப் புகை வெளியேறும் வழியில் ஒரு சிறிய டர்பைன் சக்கரத்தை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறுமுனையில் கம்ப்ரசர் சக்கரம் ஒன்று. அது வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும். உள்ளங்கையில் அடங்கக்கூடிய இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு 100,000 சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும்; சின்ன டர்போக்கள் 200,000-ஐயும் தாண்டும். முழுக்க இலவசம் என்று சொல்லிவிடக் கூடாது. டர்பைன் வழிமறிப்பதால் புகையை வெளியே தள்ள பிஸ்டன்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் பெல்ட் போட்டு இழுப்பதைவிட இது மலிவு.

இந்த யோசனை சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹியுடையது. காப்புரிமை 1905. அது முதலில் பேர் வாங்கியது கார்களில் இல்லை, கப்பல்களில். 1920-களின் நடுவில் ஜெர்மனியின் இரண்டு பயணிக் கப்பல்களில் பொருத்தியபோது, ஒவ்வொரு டீசல் எஞ்சினின் திறனும் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500-க்கு ஏறியது. இன்று சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும் பெரிய கொள்கலன் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் டர்போ இல்லாமல் ஓடுவதில்லை. துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் நம் தம்பிமார்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பார்க்கும் டர்போவைத் தூக்கப் பளுதூக்கி வேண்டும். காரில் இருப்பதும் அதே கருவிதான், அளவு மட்டும்தான் வேறு.

காருக்கு அது வந்து சேர 1962 ஆனது. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கோர்வேர் மொன்சா என்று இரண்டு வண்டிகள் அந்த ஆண்டே வந்தன. ஜெட்ஃபயரின் கதையைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். டர்போவின் உண்மையான எதிரி யார் என்பதை அது நன்றாகக் காட்டும்.

சூடுதான் சிக்கல்

காற்றை அழுத்தினால் அது சூடாகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், கம்ப்ரசரின் செயல்திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது 120 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. சூடான காற்று விரியும் அல்லவா? அதனால் அழுத்தம் இரட்டிப்பானாலும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு ஒன்றரை மடங்குதான். பாதி உழைப்பு வீண்.

இதற்குத்தான் இன்டர்கூலர். காரின் முன்பக்க பம்பருக்குள் ரேடியேட்டரைப் போல் ஒன்று தெரியும். டர்போவிலிருந்து வரும் காற்று அதன் வழியாகப் போய் ஆறிவிட்டு எஞ்சினுக்கு வரும். அதே காற்று 50 டிகிரிக்கு இறங்கினால் அடர்த்தி ஏறக்குறைய 1.9 மடங்காகிறது. ஒன்றரைக்கும் 1.9-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. டர்போவுக்குக் கிடைக்கும் புகழில் பாதி இன்டர்கூலருக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. நம்மூரில் பீக் ஹவரில் விரைவுச்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முன்னாலிருந்து காற்று வராது. இன்டர்கூலரும் தார்ச்சாலைச் சூட்டில் ஊறிப்போகும். நெரிசல் விட்டதும் மிதித்தால் வண்டி கொஞ்சம் மந்தமாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு இன்னொரு கெடுதலும் செய்யும், இதைவிடப் பெரியது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி விட்ட பிறகு தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். உள்ளே இருக்கும் கலவை ஏற்கெனவே சூடாகவும் நெருக்கமாகவும் இருந்தால், தீ வந்து சேருமுன்னே ஒரு மூலையில் அது தானாக வெடித்துவிடும். இதைத்தான் நாக்கிங் என்கிறார்கள். மேடு ஏறும்போது எஞ்சினுக்குள் உலோகத்தைத் தட்டுவதுபோல் கேட்கும். தொடர்ந்தால் பிஸ்டனே உடையும்.

ஜெட்ஃபயருக்கு நேர்ந்தது இதுதான். அதன் 3.5 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் கலவையை அழுத்தும் விகிதம் 10.25-க்கு 1. அந்தக் காலத்தில் டர்போ இல்லாத வண்டிக்கே அது அதிகம். நாக்கிங் வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே தெளித்துக் குளிர வைத்தார்கள். அதற்குத் தனியாக ஒரு தொட்டி. பெட்ரோல் போட மறக்காத மனிதர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போ தன்னை அடக்கிக்கொள்ளும். வாங்கியவர்கள் வண்டியில் வேகமே இல்லை என்று புகார் சொன்னார்கள். 1963-ஓடு அந்த வண்டி நின்றுபோனது.

இன்றைய எஞ்சின்கள் இதைச் சத்தமில்லாமல் சமாளிக்கின்றன. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிப்பது பெரிய உதவி: அது உள்ளேயே ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும். நாக்கிங் தொடங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு சென்சார் உண்டு. சந்தேகம் வந்தால் கணினி பொறியைத் தாமதப்படுத்தும், காற்றழுத்தத்தையும் குறைக்கும். எஞ்சின் பிழைக்கும், சக்தி குறையும். ஆக்டேன் எண் இங்கேதான் அர்த்தம் பெறுகிறது. அந்த எண் கூடினால் பெட்ரோலில் சக்தி அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல, தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் பொறுமை அதிகம், அவ்வளவுதான். நம் பெட்ரோல் நிலையங்களில் 92, 95, 98 என்று கிடைக்கிறது. பெட்ரோல் மூடியின் உட்பக்கம் 95 என்று எழுதியிருக்கும் டர்போ வண்டிக்கு 92 ஊற்றி மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை. ஜொகூருக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, அங்கே சிங்கப்பூர் வண்டிகளுக்கு 95 ஊற்றக் கூடாது என்பது சட்டம், 97-தான்.

மிதித்த பிறகு வரும் அந்த ஒரு நொடி

டர்போ சுற்றப் புகை வேண்டும். புகை வரப் பெட்ரோல் எரிய வேண்டும். பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். காற்று வர டர்போ சுற்ற வேண்டும். இந்தச் சங்கிலி சூடுபிடிக்கும் வரை காத்திருப்பதைத்தான் டர்போ லேக் என்கிறோம். 1970-களின் டர்போ கார்களில் இது பிரசித்தம். மிதித்தால் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும், பெரும்பாலும் வளைவின் நடுவில்.

சின்ன டர்போ சீக்கிரம் சுற்றும், ஆனால் உச்சத்தில் மூச்சு வாங்கும். பெரிய டர்போ நேர்மாறு. இந்த இழுபறிக்கு நிறைய மருந்துகள் வந்திருக்கின்றன. சிலிண்டர்களின் புகையை இரண்டு தனித்தனி வழியாக டர்பைனுக்குக் கொண்டுவருவது ஒன்று; டர்பைனைச் சுற்றிக் கதவிதழ்கள் வைத்து, புகை குறைவாக இருக்கும்போது வழியைக் குறுக்குவது இன்னொன்று. இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2005-இல் வோக்ஸ்வாகன் செய்த வேலை. 1.4 லிட்டர் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் மாட்டினார்கள். கீழ்ச்சுற்றில் முதலாவது, மேலே போகப் போக இரண்டாவது. 170 குதிரைத்திறன் கிடைத்தது, 2009-இல் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதும் கிடைத்தது. பாகங்கள் அதிகம், செலவும் அதிகம். ஒற்றை டர்போக்கள் தேறி வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இப்போதைய குடும்பக் கார்களில் சின்ன டர்போதான். அது அளவுக்கு மீறிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ள வேஸ்ட்கேட் என்ற கதவு உண்டு: போதுமான அழுத்தம் வந்ததும் திறந்து, மிச்சப் புகையை டர்பைனைத் தொடாமலே வெளியே அனுப்பிவிடும். தொடக்கத்தில் சொன்ன 200 நியூட்டன் மீட்டர், 2,000 சுற்றிலிருந்து 3,500 வரை ஒரே மட்டமாகக் கிடைப்பதன் ரகசியம் இந்தக் கதவுதான். விரைவுச்சாலையின் இணைப்புப் பாதையில் லாரி வருவதற்குள் நுழைய வேண்டும் என்னும்போது உதவுவது இந்தக் கீழ்ச்சுற்று இழுவையே. அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகம்தான் இங்கே போக முடியும். உச்சகட்டக் குதிரைத்திறனைப் பற்றிப் பெருமை பேசுவது காப்பிக்கடைப் பேச்சுக்கு மட்டுமே உதவும்.

டர்போவை அரசாங்கமும் கவனித்தது. இங்கே கார் வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழில் ஏ பிரிவு என்பது 1,600 சிசி வரையுள்ள சாதாரண கார்களுக்கென்று இருந்தது. ஊதும் கருவி வந்தபின் ஆடம்பர வண்டிகளும் அந்த வாசலில் நுழையத் தொடங்கின, 1.6 லிட்டர் மெர்சிடிஸ் சி180 கொம்ப்ரெசர் 115 கிலோவாட் தந்தது, ஆனாலும் காகிதத்தில் 1,597 சிசி. சான்றிதழுக்கான ஏலத்தில் கொரோலா வாங்குகிறவர் மெர்சிடிஸ் வாங்குகிறவரோடு போட்டி போட வேண்டிய நிலை. 2014 பிப்ரவரியிலிருந்து நிலப் போக்குவரத்து ஆணையம் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது: சிசி 1,600-க்குள் இருந்தால் மட்டும் போதாது, திறனும் 97 கிலோவாட்டுக்குள், அதாவது சுமார் 130 குதிரைத்திறனுக்குள் இருக்க வேண்டும். நிறுவனங்கள் சும்மா இருக்குமா? டர்போ எஞ்சினின் திறன் பெரும்பாலும் மென்பொருளின் கையில் இருக்கிறது. காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து 96 கிலோவாட் என்று பதிவு செய்து சில மாடல்களை இங்கே கொண்டுவந்தார்கள். சாலை வரி மட்டும் பெட்ரோல் வண்டிகளுக்கு இன்னும் சிசியையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதே 2014-இல் மரினா பேயில் எஃப்1 பார்க்கப் போனவர்கள் வேறொரு மாற்றத்தைக் காதால் உணர்ந்தார்கள். முந்தைய ஆண்டுவரை ஓடியவை டர்போ இல்லாத 2.4 லிட்டர் வி8 எஞ்சின்கள். காதைப் பொத்திக்கொள்ளாமல் நிற்க முடியாது. அந்த ஆண்டு வந்தவை 1.6 லிட்டர் வி6 டர்போ. புகையின் சக்தியை டர்பைன் எடுத்துக்கொண்ட பிறகு ஓசை அடங்கித்தானே வரும்? ரசிகர்கள் பலர் ஏமாற்றப்பட்டதாகவே நினைத்தார்கள்.

எரிபொருள் மிச்சமாகுமா என்பது அடுத்து வரும் கேள்வி. மெதுவாக ஓட்டும்வரை ஆகும். அப்போது அது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின்தான். மிதிக்கத் தொடங்கினால், கூடுதல் காற்றுக்கேற்ற கூடுதல் பெட்ரோல் போகத்தான் செய்யும். பல எஞ்சின்கள் கடும் உழைப்பில் டர்பைனைக் குளிர வைக்கவே தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கும். விளம்பரத்தாளில் போட்டிருக்கும் மைலேஜ் டர்போ வண்டியில் ஓட்டுநரின் பாதத்தைப் பொறுத்து மற்ற வண்டிகளைவிட அதிகம் மாறும்.

பழைய டர்போ கார் வாங்குகிறவருக்கு ஒரு விஷயம் முக்கியம். அந்த 100,000 சுற்றுத் தண்டு பெரும்பாலான கார்களில் குண்டுத் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதில்லை. மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. எண்ணெய் பழசானால், சூட்டில் கருகிக் கரியானால், தண்டு தேயும், அடைப்பு வளையம் கசியும். அதனால் சர்வீஸ் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதிகளை மைலேஜைவிட முதலில் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, எக்ஸாஸ்டில் நீலப்புகை வருகிறதா என்று கவனியுங்கள். மிதிக்கும்போது மெல்லிய விசில் வருவது இயல்பு. அது ஊளையாக மாறினால் தண்டு தேய்ந்திருக்கலாம், அல்லது குழாயில் எங்கோ காற்று கசிகிறது. சின் மிங், உபி பக்கத்துப் பட்டறை ஒன்றில் வண்டியைத் தூக்கிக் காட்டச் சொல்லி, அந்த மாடலுக்குப் புது டர்போ என்ன விலை என்றும் கேட்டுவிட்டு, பிறகு பேரம் பேசப் போங்கள்.